அங்கமுத்துவுக்குக் கிடைத்த காண்ட்ராக்ட்

கதவு கையோடு வந்துவிட்டது. அங்கமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி ஜெகதீஸ்வரனோ, வேன் கதவைக் கையில் பிடித்தபடி மலர்ந்து சிரித்தார்.

"இது நீங்க பார்த்த வேலையா?"

"ஆமாங்க சார். போன வாரந்தானுங்க மாட்டுனேன்."

"பரவாயில்ல, பரவாயில்ல!"

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. அவற்றுக்கெல்லாம் அங்கமுத்துவின் பட்டறைதான் திருஷ்டிப் பொட்டு. அவர் நிமிர்த்திக் கொடுத்த மினி பஸ் நேராக வந்தாலும், எதிரே வருகிறவன் அது திரும்புகிறது என்று ஒதுங்கி நிற்பான். அவர் பெயிண்ட் அடித்த வேனை மழையில் நிறுத்தினால், பழைய முதலாளிகளின் பெயரெல்லாம் வரிசையாகத் தெரியும்.

அப்படிப்பட்டவரிடம்தான், ஆபீஸ் ஜீப்புகளுக்குப் பாடி வேலை பார்க்க ஆள் தேடி வந்த அதிகாரி, ஒரு காபிகூடக் குடிக்காமல் சொன்னார்:

"முதல்ல என் ஜீப்பை முடிங்க. திங்கக்கிழமை மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அப்புறம் மத்த வண்டியெல்லாம் உங்களுக்குத்தான். ரொம்பச் சிரமப்பட வேண்டாம், எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்க."

வீட்டில் மாரக்காள் கறாராகச் சொல்லிவிட்டாள். "இதையும் கெடுத்தீங்கன்னா, பட்டறையைப் பூட்டிப்போட்டு எங்கண்ணன் கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கப் போயிருங்க!"

மச்சானிடம் கூலிக்கு நிற்பதற்குத் தொழில் எதிராளியின் காலில் விழுந்துவிடலாம். அங்கமுத்து விழுந்தார். ஊரிலேயே கைதேர்ந்தவரான மயில்சாமியின் பட்டறைக்கு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார்.

"ஏனப்பா அங்கமுத்து, என்ற வேலையெல்லாம் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுப் போன அந்த ஆபீசரு, உன்ற பட்டறையில என்னத்தக் கண்டாரு?"

"எல்லாம் எம்பட யோகமுங்கண்ணா. நீங்க கை வெச்சுக் குடுங்க, கூலி முச்சூடும் உங்களுக்கே."

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் ஜீப், ஷோரூமிலிருந்து தப்பி வந்ததுபோல் நின்றது. ஜெகதீஸ்வரன் அதைப் பார்த்துவிட்டு, தன் ஜீப் எங்கே என்று டிரைவரிடம் கேட்டார்.

"இதுதானுங்க சார்," என்று முந்திக்கொண்டார் அங்கமுத்து. "அத்தனையும் என்ற கை வேலைங்க!"

இன்ஸ்பெக்டர் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். ஒருமுறை ஓட்டியும் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இதையா சார் ரிப்பேர் பண்ணியும் தேறாத வண்டின்னு எழுதிக் கொடுத்தீங்க? இன்னும் பத்து வருஷம் ஓடும். புது வண்டியெல்லாம் கிடையாது."

அவர் போனதும், அங்கமுத்து பல்லெல்லாம் தெரிய அதிகாரியை நெருங்கினார்.

"அப்ப மத்த வண்டியெல்லாம் எப்ப வந்து எடுத்துக்கட்டுமுங்க சார்?"

ஜெகதீஸ்வரன் ஜீப்பைப் பார்த்தார். அங்கமுத்துவைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்:

"வேலை தெரியாதவன்னுதானேய்யா ஊரெல்லாம் அலைஞ்சு உன்னைப் பிடிச்சேன்!"