அஞ்சு வயசுப் பிள்ளைக்கு லீவு

“அஞ்சு வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு யாராவது பேபி லீவு போடுவாங்களாடி?”

நிருபமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனின் மறுமுனையில், பெங்களூரில் இருக்கும் தோழி ஹரிப்ரியா சிரித்தாள்.

“அங்கே சட்டம் அப்படியா?”

“பிள்ளைக்கு எட்டு வயசு ஆகிற வரைக்கும் போடலாமாம். எல்டர்ன்சைட்னு பேரு. ஆறு மாசம்! எங்க ஆபீஸ் தபோதரன் எப்போ போடறான் பாரு, கம்பெனி மூழ்கப் போற நேரத்துல!”

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் எட்டே பேர் உள்ள ஸ்டார்ட்டப் அது. நாளைக்கு எத்தனை ரொட்டி விற்கும் என்று பேக்கரிகளுக்கு முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் செய்கிறார்கள். ஊர் ரொட்டிக்கெல்லாம் ஜோசியம் சொன்னவர்களுக்குச் சொந்த ஜாதகம் தெரியாமல் போயிற்று. பணம் போடுகிறேன் என்ற முதலீட்டாளர் கையை விரித்துவிட்டார்.

“ஒருத்தரைக் குறைக்க வேண்டியிருக்கும்” என்று முதலாளி லூக்காஸ் திங்கட்கிழமையே சொல்லிவிட்டான்.

யார் அந்த ஒருத்தர்? இதற்கு ஜோசியம் வேறு வேண்டுமா! கடைசியாகச் சேர்ந்தவள் நிருபமா. அவளுடைய ஆறு மாத சோதனைக் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம்கூடத் தேவையில்லை. வேலை போனால் விசாவும் ஆட்டம் கண்டுவிடும்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம்தான் காபி மெஷின் பக்கத்தில் தபோதரன் வந்து நின்றான். கெல்சென்கிர்ச்சனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நாலு வருஷமாக இங்கே வேலை.

“நிருபமா, வேலை போனால் விசாவுக்கு எவ்வளவு நாள் தருவினம்?”

“மூணு மாசம். அதுக்குள்ள வேற வேலை கிடைக்கலைன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.”

“ஓ… மூண்டு மாசம்தானோ?”

அவ்வளவுதான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆறுதலாக ஒரு வார்த்தை? ம்ஹூம்!

புதன்கிழமை மீட்டிங்கில் குண்டைத் தூக்கிப் போட்டான். வருகிற திங்கட்கிழமையிலிருந்தே லீவாம்.

“அப்போ உங்க வேலையெல்லாம் யார் பார்க்கிறது?” என்றாள் நிருபமா.

“நீங்கள்தான் பாக்கவேணும். எல்லாம் எழுதித் தாறன்.”

“நானே இருப்பேனான்னு தெரியலை!”

“இருப்பீங்கள்” என்றான், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தக் கூத்தைத்தான் ஹரிப்ரியாவிடம் கொட்டிக்கொண்டிருந்தாள். “அவன் வீட்ல காலை நீட்டிக்கிட்டு இருப்பான். அவன் வேலையையும் சேர்த்து நான் மாடு மாதிரி இழுக்கணும். அதுவும் எனக்கு வேலை இருந்தா!”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு லூக்காஸ் கூப்பிட்டான்.

“வாழ்த்துகள். நீ தொடர்கிறாய்.”

நிருபமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் வாயும் சும்மா இருக்கவில்லை.

“ரொம்ப நன்றி, லூக்காஸ். நான் தபோ மாதிரி இல்லை. கஷ்ட காலத்துல கழண்டுக்கிற ஆள் இல்லை நான்.”

லூக்காஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

சோதனைக் காலம் தாண்டினால், தாண்டியவர்தான் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். அந்த ஆபீசில் அது வழக்கம். திங்கட்கிழமை செர்ரி கேக் வாங்கிப் போனாள். லூக்காஸ் பெரிய துண்டாக ஒன்றை வெட்டிப் பொட்டலம் கட்டினான்.

“இதைத் தபோ வீட்டில் கொடுத்துவிடு. நீ போகிற டிராம் வழிதானே.”

“அவருக்கு எதுக்கு?”

“கொடுத்துவிடு.” இந்தத் தடவை குரலில் கண்டிப்பு.

வேண்டாவெறுப்பாகத்தான் போய் மணி அடித்தாள். கதவைத் திறந்தவள் தபோதரனின் மனைவி பிறேமா. முதியோர் இல்லத்துச் சீருடை, காலில் ஷூ, கையில் சாவி. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் நிருபமாவோ? உள்ளுக்கு வாங்கோ! இவர் மகளை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டார். சொல்லுங்கோ, உங்கட வேலை உறுதியாகீட்டுதோ?”

“ஆமாக்கா. அதுக்குத்தான் இந்தக் கேக்.”

“அப்பாடா!” பிறேமா நெஞ்சில் கை வைத்தாள். “இனித்தான் இந்த மனுசன் ஒழுங்காச் சாப்பிடுவார்.”

என் வேலைக்கும் அவன் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிருபமாவுக்கு விளங்கவில்லை.

“அவருக்கென்னக்கா, கவர்மென்ட் காசு கொடுக்குது, ஜாலியா லீவு” என்றாள், வேடிக்கை போல.

“அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஆர் காசு தரப் போகினம்? ஒரு சதமும் இல்லை. அதுதானே நான் ஒரு ஷிஃப்ட் கூடச் செய்யிறன்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் பிறேமா. “ஐயோ, உங்களுக்கு ஒண்டும் தெரியாதோ? சொல்ல வேண்டாம் எண்டவர்…”

“என்னக்கா தெரியாது?”

பிறேமா சாவியை உருட்டிக்கொண்டே சற்றுத் தயங்கினாள்.

“வேலையில இருந்து நிப்பாட்டுறதுக்கு உங்கட பேரைத்தான் எழுதியிருந்தவையாம். ஆறு மாசத்துக்கு ஒரு சம்பளம் குறைஞ்சால் போதும், பிறகு சமாளிக்கலாம் எண்டு லூக்காஸ் சொன்னவுடன, ‘அப்ப என்ர சம்பளத்தை நிப்பாட்டு’ எண்டு இவர் லீவுக்கு எழுதிக் குடுத்திட்டு வந்திட்டார்.”

நிருபமா கேக் பொட்டலத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

“நானும் சண்டைதான் பிடிச்சனான், தங்கச்சி. அதுக்கு இவர் சொன்னார்: ‘வேலை இல்லாட்டி நான் வீட்டுக்குத்தான் வருவன். அந்தப் பிள்ளை நாட்டை விட்டெல்லோ போகவேணும்!’”