நாலு விரல் இடைவெளி

முதல் அறை இடது கன்னத்தில் விழுந்தது. என்ன ஏது என்று கேட்பதற்குள் இரண்டாவதும் விழுந்தது.

அடித்தவன் வெள்ளைக் காரின் சொந்தக்காரன். வாங்கிக்கொண்டவன் அந்தக் காரின் கண்ணாடிகளுக்கு முந்தாநாள் சன் ஃபிலிம் ஒட்டிக் கொடுத்தவன்.

அவனுக்குத் தெருவில் 'நாலுநாள்' என்று பெயர். ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நிற்கிற தண்ணீர் காய நாலு நாள் பிடிக்கும். அதற்குள் கண்ணாடியை இறக்கினால் கதவு ரப்பர் ஈர ஃபிலிமைப் பிடித்து இழுத்துவிடும், தண்ணீர் திட்டுத்திட்டாகத் தேங்கிவிடும். ஆகவே, எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் நாலு நாளைக்கு இறக்காதே, நாலு நாளைக்கு இறக்காதே என்று உயிரை வாங்குவான். அப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட பட்டப்பெயர்.

கார்க்காரன் அவன் பிடரியைப் பிடித்துப் பின்பக்கக் கதவுக்கு இழுத்துப் போனான். முகத்தைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்தான். புது வண்டிக்குச் சொறி பிடித்த மாதிரி ஆக்கி வைத்திருக்கிறாயே, கண்ணு அவிஞ்சா போச்சு என்று காதுக்குள் கத்தினான். வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காத ஆள் அவன்.

மூக்கு நசுங்கினாலும் நாலுநாளின் கண் அதன் வேலையைச் செய்தது. கண்ணாடி முழுக்க நீர்த்திட்டுகள். கீழே, கதவு ரப்பரை ஒட்டி, நாலு விரல் உயரத்துக்கு ஃபிலிம் கசங்கிச் சுருண்டிருந்தது.

கண்ணாடி நாலு விரல் இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறது. இந்தத் தொழிலில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூட இது புரியும்.

வாயைத் திறந்து அதைச் சொன்னால் போதும், அடி நின்றுவிடும். அவனும் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. தன் வேலையைக் குறை சொன்ன ஒருவரோடு போன மாதம் நடுத்தெருவில் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றவன்தான்.

கார்க்காரன் கதவை விரியத் திறந்தான். உள்ளே அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி. அதற்கும் அடங்காமல் கன்னத்து வீக்கம் வெளியே தெரிந்தது. உள்ளே ஒரு ஈ உட்கார்ந்திருந்தாலும் வெளியே தெரியக் கூடாது, இருப்பதிலேயே கறுப்பாக ஒட்டு என்று அவன் கேட்டது ஏன் என்பது நாலுநாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒட்டினதில் கோளாறா, இல்லை யாராவது இறக்கினார்களா என்று கார்க்காரன் கேட்டான். கேள்வி இவனிடம். பார்வை அவள்மேல்.

அவள் தலை எள்ளளவு ஆடியது. வேண்டாம் என்று.

"என் தப்புதான் சார். தண்ணியைச் சரியா வழிக்காம விட்டுட்டேன்."

எந்தக் கை விட்டது என்று கார்க்காரன் கேட்டான். வலது கையைக் காட்டியதுதான் தாமதம், அதைக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்தினான். இரண்டு விரல்களில் ஏதோ முறிந்த சத்தம் நாலுநாளுக்கே கேட்டது. அலறினான். அலறாதே, ஒட்டு என்று டிக்கியிலிருந்து சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

ஒட்டினான். இடது கையால் பழைய ஃபிலிமை உரித்தான். தண்ணீர் அடித்தான், புதியதை விரித்தான், ரப்பர் பட்டையால் வழித்தான். கை நின்றபோதெல்லாம் முதுகில் ஸ்பேனர் இறங்கியது. வலது கையிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் கண்ணாடியின் அடியில் விழுந்தது. கணவன் பார்ப்பதற்குள் அவள் அதைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். அடுத்தவர் இரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. பழகின கை.

வேலை முடிந்தது. நாலுநாள் தன் வாழ்நாளில் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னான். அவளைப் பார்த்தே சொன்னான்.

"இது வேற ரகம்மா. வெளியே போறப்பல்லாம் கண்ணாடியை இறக்கிக் காத்தாட விடணும். இல்லன்னா திரும்பவும் தண்ணித்திட்டு வந்துடும்."

கார்க்காரன் புருவத்தைச் சுருக்கினான். முந்தாநாள் நேர்மாறாகச் சொன்னாயே என்றான். அது பழைய சரக்கு, இது நேற்று வந்தது என்று நாலுநாள் கூசாமல் புளுகினான். தொழிலில் அவன் சொன்ன முதல் பொய். ஃபிலிம் நாசமாய்ப் போகட்டும்.

கார்க்காரன் வண்டியைத் தடவிப் பார்த்தான். பிறகு மனைவியிடம், சொன்னது காதில் விழுந்ததா, மறக்காமல் இறக்கித் தொலை என்று உத்தரவு போட்டான்.

கார் கிளம்பியது. நாலுநாள் உதட்டு இரத்தத்தைத் துப்பிவிட்டு பைக் சாவியை எடுத்தான். முறிந்த விரல்கள் ஆக்ஸிலேட்டரைப் பிடிக்க மறுத்தன. உள்ளங்கையால் அழுத்தித் திருகிக்கொண்டு பின்னாலேயே போனான். கண்ணாடி இறங்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.

நேற்றும் பக்கத்தில்தான் இருந்தான்.

நேற்று சாயங்காலம் மருந்துக்கடை வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றிருந்தது. கார்க்காரன் கடைக்குள் இருந்தான். நாலுநாள் பைக்கில் கடந்தபோது பின்கண்ணாடி நாலு விரல் இறங்கியது. "அண்ணா" என்றது ஒரு குரல்.

அவன் பைக்கை நிறுத்தினான். அப்படியொரு கோபம் அவனுக்கு.

"நாலு நாள் ஆகலையே, கண்ணாடியை ஏத்தும்மா!"

அவள் ஏற்றிக்கொண்டாள்.