தனலெட்சுமி சுட்ட வடை

மகன் செத்துப் பத்து நாள் ஆகவில்லை, தஞ்சோங் பூங்கா கடற்கரையில் தேத்தண்ணி விருந்தாம்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பினாங்கில் இருக்கிற எங்கட யாழ்ப்பாணக் குடும்பங்கள் ஞாயிறு பின்னேரங்களில் அங்கே ஒரு பங்களாவில் கூடுவோம். பலகாரம் முறைவைத்து ஒவ்வொரு வீடு. இந்தக் கிழமை தியாகராஜா வீட்டு முறை.

ஊருக்குப் படிக்க அனுப்பின அவரின் ஒரே மகன், நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டான். தந்தி தகப்பன் வேலை செய்யும் கந்தோருக்குத்தான் வந்தது.

"சற்குணத்துக்குத் தெரியக்கூடாது, செல்வநாயகியக்கா," என்று மனைவிக்காக என்னைக் கும்பிட்டார் தியாகராஜா. "அவவுக்கு இப்ப எட்டு மாசம். முந்தி ரெண்டு தங்கேல்லை. முறையை விட்டா ஏன் எண்டு கேப்பா. பிள்ளை பிறக்கட்டும், சொல்லுவம்."

"அதுக்காக? செத்த வீட்டுத் துடக்கில முப்பத்தொரு நாள் ஆரும் வாய் நனைப்பினமோ?"

"நீங்கள் சாப்பிடாட்டி அவவுக்கு விளங்கிப்போடும், அக்கா."

போனோம்.

சற்குணம் பட்டுச்சேலையும் பூவுமாகப் பிரம்புக் கதிரையில் ராணி மாதிரி இருந்தாள். ஒரு தட்டைத் தூக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமிதான் ஓடியோடிப் பரிமாறினாள். புருஷன் பகிடி விட, சற்குணம் விழுந்து விழுந்து சிரித்தாள். விஷயம் தெரியாதவள்தான், என்றாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வடையில் ஒருத்தரும் கை வைக்கவில்லை. தியாகராஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். நானும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

சற்குணம் மெல்ல எழும்பி என்னருகில் வந்தாள்.

"சாப்பிடுங்கோ அக்கா," என்றாள் தணிந்த குரலில். "எங்கட அடுப்பில சுட்டதில்லை. நான் தொடவுமில்லை. எல்லாம் தனலெட்சுமி தன்ர வீட்டில செய்தது."

"சற்குணம்... உனக்கு..."

"தந்தி அவற்ர கோட்டுக்குள்ள இருந்தது. அண்டைக்கே பாத்திட்டன்."

"பின்னை ஏனடி இந்தச் சிரிப்பு?"

"நான் சிரிச்சாத்தான் அவர் ஒரு வாய் சோறு தின்னுறார். நானும் அழுதா அவரை ஆர் பிடிக்கிறது? சொல்லிப்போடாதேங்கோ."

அங்கேயிருந்து தியாகராஜா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவி நான், அந்த வடையை எடுத்துக் கடித்தேன்.

"வடை நல்லாயிருக்கு, சற்குணம்!" என்றேன் எல்லாருக்கும் கேட்க. "நீ சுட்டதோ?"

"ஓம் அக்கா, நான்தான்," என்று புருஷனுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சிரித்தாள் அவள்.