ஒரு பெண்மணி எழுதியது

“இந்தப் பக்கத்தை இப்பிடியே அச்சுக்கு விட ஏலாது, சேர். நான் விடமாட்டன்.”

விக்னராஜா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். பிழை திருத்தும் புரூஃப் தாளோடு மேசைக்கு முன்னால் இராஜேஸ்வரி நின்றாள். பின்னேரம் அச்சகத்து ஆள் வந்துவிடுவான்.

மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் விரிவுரையாளர் விக்னராஜா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே ஆங்கிலக் கவிதை படிப்பிக்கிறோம் என்ற மிதப்பு அவருக்குக் கொஞ்சம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் புத்தக வியாபாரிகள் கண்ட கண்ட இடங்களிலிருந்து கவிதைகளைப் பொறுக்கி, எழுதியவரைக் கேட்காமலே தொகுதி தொகுதியாக அடித்து விற்றார்கள். அந்தத் தொகுதிகளிலிருந்து நல்ல பாடல்களாகத் தெரிந்தெடுத்து அவர் ஒரு புத்தகம் போடுகிறார். ஐந்து வருஷ உழைப்பு.

அவர் நீண்ட லீவில் போயிருந்தபோது துறையில் பகுதிநேரமாகச் சேர்ந்தவள் இராஜேஸ்வரி. புறநகரான நோபல் பார்க்கில் வைத்தியம் பார்க்கும் டொக்டர் மகேந்திரராஜாவின் மனைவி. புரூஃப் பார்க்க உதவியாக இருக்கட்டும் என்று துறைத்தலைவர் அவளை இவரிடம் அனுப்பியிருந்தார்.

“என்ன பிழை, மிஸிஸ் மகேந்திரராஜா?”

“மூலத்தில இந்தப் பாட்டுக்கு ‘ஒரு பெண்மணி எழுதியது’ எண்டு இருக்கு. நீங்கள் அதை எடுத்துப்போட்டு அந்தக் காலத்தில பாட்டெழுதித் திரிஞ்ச ஒரு வக்கீலின்ர பேரைப் போட்டிருக்கிறியள்.”

கலியாணம் முடித்த பெண்ணின் சொத்தெல்லாம் புருஷனுக்கே என்ற அந்தக் காலத்துச் சட்டத்தைப் பிய்த்து உதறும் பாட்டு அது. புத்தகத்திலேயே விக்னராஜாவுக்கு மிகவும் பிடித்த பாட்டு.

அவர் சிரித்தார். “ஐக்கிய நாடுகள் சபை இது பெண்கள் ஆண்டு எண்டு சொன்னதுக்காக நான் பதினெட்டாம் நூற்றாண்டை மாத்த ஏலுமோ?”

“மாத்தச் சொல்லேல்ல சேர். மாத்தாதையுங்கோ எண்டுதான் சொல்லுறன்.”

சிரிப்பு பாதியில் நின்றது.

“அதெல்லாம் வியாபாரத் தந்திரம், பிள்ளை. பொம்பிளை எழுதினது எண்டாச் சனம் என்னவோ ஏதோவெண்டு விடுப்புப் பாக்க வாங்கும். எழுதினது அந்த வக்கீல்தான்.”

“வேறொரு பழைய தொகுதியிலயும் இந்தப் பாட்டு இருக்கு. மைக்ரோஃபில்மில பாத்தனான். அது அச்சாகேக்க உங்கட வக்கீல் பள்ளிக்கூடத்தில எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.”

“அச்சில இருக்கிற வருஷத்தை நம்பாதையுங்கோ. விலைப்படாமல் கிடந்த தாளுக்குப் புது முகப்பை ஒட்டி, புது வருஷம் போட்டு விக்கிறது அவங்கட வழக்கம்.”

“ஓம், புது வருஷம் போடுவாங்கள். பழைய வருஷம் போட்டு ஆர் விப்பான்? பேக்கரியில இண்டைக்குச் சுட்ட பாணை நேற்றையான் எண்டு ஆரும் விக்கிறவையோ, சேர்?”

விக்னராஜா கழற்றிவைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் சொல்வதில் ஞாயம் இருப்பது தெரிந்தது. ஆனால் நேற்று வந்த ஒரு பகுதிநேரக்காரி சொல்லி, ஐந்து வருஷ வேலையில் கோடு கிழிப்பதா?

“வருஷத்தை விடுங்கோ. நடையைப் பாருங்கோ. கண்ணீர் இல்லை, குழைவு இல்லை. ஒவ்வொரு வரியும் சாட்டையடி. ஒரு பொம்பிளைக்கு இந்த நடை வராது.”

“வராது எண்டு எப்பிடித் தெரியும்?”

“வாசிச்ச பழக்கம்தான். ரெண்டு வரி போதும், எழுதினது ஆணோ பெண்ணோ எண்டு சொல்லிப்போடுவன்.” அவர் பின்னால் இருந்த அலுமாரியைத் திறந்து, ஓரம் மடித்து வைத்திருந்த ஒரு சஞ்சிகையை எடுத்தார். “இதைப் பாருங்கோ. ரெண்டு வருஷத்துக்கு முந்தி லண்டனில வந்தது. இந்தத் தொகுதிகளைப் பற்றி இதுக்கு மேல ஒருத்தரும் எழுதேல்ல. ஆர். சபாநாதன் எண்டு போட்டிருக்கு. பேராதனைக் கம்பஸில இருக்கிறார். எங்கட ஆள்! வெள்ளைக்காரப் பேராசிரியர்மாரைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கிறார். மனுஷன் எழுதினது பேனையாலையோ கத்தியாலையோ தெரியாது. இதுதான் ஆம்பிளை நடை. அந்தப் பாட்டிலயும் இதே நடைதான்.”

“அப்ப, இந்த நடையை வைச்சுத்தான் தீர்மானிச்சனீங்களோ?”

“ஓம்.”

“வேற ஆதாரம் ஒண்டும் இல்லையோ?”

“இது போதும். இதில நான் பிழை விட்டனெண்டா, இப்பவே வக்கீலை வெட்டிப்போட்டு உங்கட பெண்மணியைப் போடுறன்.”

இராஜேஸ்வரி சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றி, பேனையைப் புரூஃப் தாளின் மேல் வைத்தாள்.

‘என்ன பிடிவாதம் இந்தப் பெண்ணுக்கு!’ விக்னராஜாவுக்கு எரிச்சலோடு வியப்பும் வந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

“உண்மையைச் சொன்னா, இந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதித் தாங்கோ எண்டு அவருக்கு நானே கடிதம் போட்டுக் கெஞ்சினனான். மறுமொழி வரேல்ல. வந்திருந்தா நீங்கள் அவரிட்டையே இதைக் கேட்டிருக்கலாம். பெரிய மனுஷர், எங்களை எங்க கணக்கெடுக்கப்போறார்?”

“எந்த விலாசத்துக்குப் போட்டனீங்கள்?”

“பேராதனைக்குத்தான்.”

இராஜேஸ்வரி அந்தச் சஞ்சிகையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினாள்.

“அதுதான் எனக்குக் கிடைக்கேல்ல, சேர். சபாநாதன் எண்ட அப்பான்ர பேரை விட்டிட்டு, கலியாணங்கட்டி நான் நோபல் பார்க்குக்கு வந்து ஒரு வருஷமாகுது.”