சேறு படாத ஷூ

"எல்லாரும் காலைக் காட்டுங்க."

மேடம் நம்யாலோ குனிந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பத்து ஜோடி கறுப்பு ஷூ. எல்லாம் இளைஞர் மையம் இரவல் கொடுத்தவை. ஒன்றில்கூடச் சேறு இல்லை.

இத்தனைக்கும் வெளியே விடியும் முன்பிருந்தே பேய் மழை. கால்வாய் பொங்கி, பலகைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போய்விட்டது. பள்ளத்துத் தகர வீடுகளுக்குள் எல்லாம் முழங்கால் தண்ணீர்.

"சபாஷ்! ஹோட்டல்காரங்க உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, காலைத்தான் பாப்பாங்க. செம்மண் ஒட்டியிருந்தா போச்சு. பள்ளத்துப் புள்ளைன்னு அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. கம்பாலாவுல பொழைக்கணும்னா முதல்ல ஷூ."

பதினோரு பேர் ஆறு மாதமாக இங்கே ஹோட்டல் சமையல் பழகுகிறார்கள். வேலை இருப்பதோ பத்துப் பேருக்கு. யார் அந்தப் பத்து என்ற பட்டியலை மேடம் நாளைக் காலை ஹோட்டலில் கொடுத்தாக வேண்டும்.

பதினோராவது ஆளை இன்னும் காணோம்.

எட்டு மணிக்குப் பூட்டிய கதவை எட்டு ஐந்துக்கு யாரோ தட்டினார்கள். லுப்வாமா. இடுப்பு வரை நனைந்த கால்சட்டை, வெறுங்கால், ஷூ கையில். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"வாங்க துரை! மையத்துச் சுவரும் உங்க வீட்டுச் சுவரும் ஒண்ணு. நீங்க கடைசி!"

பின்னால் யாரோ சிரிக்கப் பார்த்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

"மழை, மேடம்..."

"உனக்கு மட்டும் தனியா பெய்யுதா? இவங்க அத்தனை பேரும் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றாங்க. நானும் அந்தப் பக்கம்தான். எட்டு மணிக்கு நான் இங்க இருந்தேனா இல்லையா?"

"இருந்திருப்பீங்க மேடம்."

"இது மூணாவது தடவை. மூணு தடவையும் மழை நாளு! மழைன்னா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிடுவியா?"

லுப்வாமா ஏதோ சொல்ல வாயெடுத்தான். பத்து ஜோடி ஷூவையும் ஒரு முறை பார்த்தான். பிறகு மேடத்தின் ஷூவைப் பார்த்தான். 

பிராஸி என்ற பெண் பாதி எழுந்தாள். பக்கத்தில் இருந்தவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"பத்து இடம்தான் இருக்கு, சும்மா இரு" என்றான் காதோடு. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மேடத்தையும் குறை சொல்ல முடியாது. ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கி அந்தப் பத்து இடத்தை வாங்கி வந்ததே அவர்தான். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் அவருக்கு ஆள் தெரியாது. மூன்று முறை தாமதம் என்றால் பெயர் இல்லை. பட்டியலில் அவன் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

"தங்கச்சிகிட்ட வேலை கிடைச்சிடுச்சுன்னே சொல்லிட்டேன் மேடம்."

"அதை எந்திரிக்கும்போது நெனச்சிருக்கணும்."

லுப்வாமா கையிலிருந்த ஷூவைச் சட்டைத் துணியால் துடைத்து, அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனான். பாவம், கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்தினான்.

மாலை நான்கு மணி. மழை விட்டபாடில்லை. பட்டியல் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு மேடம் கால்வாய்க் கரைக்கு வந்தார். அங்கே பிராஸி ஷூவைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு? இழுத்துட்டுப் போயிடும்! காலையில எப்படி வந்தே?"

பிராஸி திரும்பினாள். அழுதுகொண்டிருந்தாள்.

"லுப்வாமா முதுகுல வந்தேன் மேடம். நாங்க பத்துப் பேரும் அப்படித்தான் வந்தோம். தூக்கி விடுற மத்தவங்க ஆளுக்கு ஆயிரம் ஷில்லிங் கேக்குறாங்க. எங்களால முடியுமா? மழை பெஞ்சா அவன் ஆறு மணிக்கே அந்தக் கரையில வந்து நிப்பான். கிளாஸுக்குப் போற எல்லாரையும் கொண்டாந்து விட்டுட்டுத்தான் அவன் வருவான்."

"அடப்பாவிகளா! ஒருத்தருக்குக்கூட வாய் வரலையா?"

"அதான் மேடம், இப்ப அவன் முதுகுல ஏற மனசு கூசுது."

அவள் நடந்து போய்விட்டாள். மேடத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நன்றி கெட்ட பிள்ளைகள். இவர்களுக்காகவா இத்தனை ஹோட்டல் படி ஏறினோம்? காலை வரட்டும், பத்துப் பேரையும் நிற்க வைத்துக் கேட்கிறேன் என்று பொருமினார்.

கரையோரம் ஓர் ஆள் அவருக்காகக் குனிந்து முதுகைக் காட்டினான். மழைக்காகத் தலையில் கவிழ்த்திருந்த மாவுச் சாக்கு அவன் முகத்தை மூடியிருந்தது. சுமக்கிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? மேடம் பையை இறுக்கிக்கொண்டு ஏறினார். ஷூ நனையாமல் காலை மடக்கிக்கொண்டார்.

நடுக் கால்வாயில், சாக்குக்குள்ளிருந்து பழகிய குரல் ஒன்று தணிவாக வந்தது.

"காலையில மாதிரி 'சீக்கிரம், எனக்கு லேட்டாகுது'ன்னு தோள்ல தட்டாதீங்க மேடம். தண்ணி ஏறியிருக்கு, கால் வழுக்கும்."