மீசைப் பந்தயம்

“கால் வீக்கமாம்ல, வீக்கம்! மிளகாய்ப் பழம் எடுக்க வளையாத முதுகு, காலைக் காட்டிச் சாக்குச் சொல்லுது!”

அபிராமம் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் இருளாண்டி இப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செல்லச்சாமி டீ கிளாஸை டக்கென்று பெஞ்சில் வைத்தான். வேற்றாள் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். பெண்டாட்டியின் அண்ணனாகப் போய்விட்டான்.

எட்டு மாதத்தில் இது மூன்றாவது வீக்கம். முதலில் இடது கால், அடுத்து வலது கால், மாத்திரை சாப்பிடும்போதே இப்போது மறுபடியும் இடது.

இரண்டாவது தடவையே ராமநாதபுரம் டாக்டர் சொல்லிவிட்டார். “கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைக்குது. அடியும் படலை, நீங்க படுத்த படுக்கையாவும் கிடக்கலை. காரணமில்லாம திரும்பத் திரும்ப வந்தா உள்ள வேற ஏதாவது ஒளிஞ்சிருக்கலாம். மதுரைக்குப் போய் முழுசாப் பாத்துருங்க.”

அவர் எழுதிக்கொடுத்த சீட்டு மஞ்சப்பையோடு ஆணியில் தொங்கியது. பழம் சிவந்து கிடக்கிறபோது மதுரை என்ன மதுரை! தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் இறங்கி நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தைச் சுற்றி வந்தான் செல்லச்சாமி. வீக்கம் வடிந்ததும், மாத்திரைக்குச் சேர வேண்டிய பேரைச் சனீஸ்வரனுக்குக் கொடுத்துவிட்டான். பெண்டாட்டி ராமலெட்சுமி அழுது பார்த்தாள், ரெண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். ஆள் அசையவில்லை.

“யாருக்குய்யா சாக்கு?” செல்லச்சாமி எகிறினான்.

“உனக்குத்தான் மாப்ளே. மதுரையில எந்த டாக்டராவது உன் ஒடம்புல நோவு இருக்குன்னு எழுதிக் குடுக்கட்டும், இந்த மீசையை வழிச்சுர்றேன்!”

இருபது வருசமாக விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த மீசை அது. செல்லச்சாமியோ, பந்தயம் என்றால் உயிரைக் கொடுத்தாவது ஜெயிக்கிறவன்.

“நாளைக்கே போறேன். கத்தியைத் தீட்டி வச்சுக்க!”

மதுரையில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புற்றுநோய்க் கட்டி.

“ரத்தம் உறையிற எல்லாருக்கும் இது இருக்காது. உங்களுக்கு இருந்திருக்கு” என்றார் டாக்டர். “நல்லவேளை, வேற எங்கயும் பரவலை. எடுத்துடலாம். இன்னும் ஆறு மாசம் போயிருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்.”

ஆபரேஷன் முடிந்து கண் திறந்ததும் செல்லச்சாமி தண்ணீர் கேட்கவில்லை. “ஏ ராமலெட்சுமி, டாக்டர் எழுதுன பேப்பரு பத்திரமா இருக்கா?” என்றுதான் கேட்டான்.

ஒரு மாதம் கழித்து ஊர் பஸ்ஸை விட்டு இறங்கியவன், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே டீக்கடைக்கு நடந்தான். பின்னாலேயே ராமலெட்சுமி.

“எங்கய்யா எங்க மச்சான்? எடுங்கய்யா கத்தியை!”

பெஞ்சில் இருந்த இருளாண்டி திரும்பினான். மீசையைக் காணோம். தலையும் மொட்டை, அதில் சந்தனம் வேறு.

செல்லச்சாமிக்குப் பொசுக்கென்று போய்விட்டது. “நான் பாக்குறதுக்குள்ள எடுத்துட்டியே! சரி, பந்தயம் மீசைக்குத்தான? மொட்டை எதுக்கு மச்சான்?”

இருளாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு டீ சொல்ல எழுந்து போனான்.

ராமலெட்சுமி மெதுவாகச் சொன்னாள்: “நீங்க மதுரைக்குப் பஸ் ஏறுன அன்னைக்கே அண்ணன் நேந்துக்கிட்டது அது. எங்களப் பெத்த அய்யாவுக்கும் இப்பிடித்தான் ரெண்டு தரம் கால் வீங்குச்சு. ஆஸ்பத்திரிக்கு வாங்கய்யான்னு அண்ணன் கால்ல விழுந்து கெஞ்சுச்சு. கடைசிவரைக்கும் அவரு வரலை. போய்ச் சேந்துட்டாரு. அதான் பந்தயம் கட்டுன அன்னைக்கு டீக்கடைக்குக் கெளம்பும்போது எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு: ‘அய்யாகிட்டக் கெஞ்சித் தோத்துட்டேன் தாயி, மாப்ளைகிட்டப் பந்தயம் கட்டித் தோத்துக்கிறேன்.’”