மேல் வீட்டுப் புகைச்சல்

“புகை வந்தாத் திட்டுவீங்க, சரி. இன்னைக்கு ஒரு பொட்டுப் புகைகூட இல்லையேக்கா! இப்ப எதுக்குத் திட்டுறீங்க?”

“கரண்டு அடுப்பாம் கரண்டு அடுப்பு! ஃப்யூஸ் போயி மொத்த வீடும் இருட்டாச்சுன்னா, நீயா வந்து மெழுகுவத்தி பிடிப்பே? எடுத்து உள்ள வைய்யா அதை!”

கீழே, புத்தம் புது மின்சார அடுப்பின் முன்னால் இடுக்கியும் கையுமாக நின்றிருந்தவர் டிரைவிங் மாஸ்டர். மேலே, பின்பக்க ஜன்னலை அகலத் திறந்துவைத்துப் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தவர் மாடி வீட்டு அம்மா. தெருவில் அவருக்கு வைத்திருந்த பெயர் சைரன்.

மாஸ்டர் பரம சாது. வாரத்தில் ஆறு நாளும் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கரி அடுப்பைப் பற்றவைத்து, எலுமிச்சையும் மிளகும் தடவிய கோழித் துண்டுகளைக் கம்பியில் கோத்துச் சுடுவார். கூடவே சோளக்கதிர், சர்க்கரை தூவிய அன்னாசி வளையம். அவருக்கு இருந்த ஒரே கேளிக்கை அதுதான். அதற்கும் மாடியிலிருந்து வந்தது கேடு.

முதலில் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டார். “போறவர்ற வழியில என்னய்யா நெருப்பு?” என்று ஒலித்தது சைரன். பக்கத்துச் சந்துக்கு மாற்றினார். “துணி காயப்போடுற இடத்துலயா? என் புடவையையும் சேத்துச் சுடப்போறியா?” என்றது. வேறு போக்கிடம் இல்லாமல், கடைசியில் வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார்.

அதற்கப்புறம் சில வாரங்கள் சத்தமே இல்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று எதிர் வீட்டில் பேசிக்கொண்டார்கள். மாஸ்டருக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாவம், புகையை விழுங்கிக்கொண்டு பொறுத்துப் போகிறாரே என்று உருகி, புகையே வராத அடுப்பாகப் பார்த்து வாங்கிவந்தார். அதற்குக் கிடைத்த மரியாதைதான் இது.

அன்று சாயங்காலமே வீட்டு ஓனர் வந்துவிட்டார். யார் போன் போட்டது என்று தெரியாது. அந்தத் தெருவில் காதுகளுக்கா பஞ்சம்?

“மாஸ்டர், மேல இருக்கிறவங்க ரொம்ப வருஷமா இருக்காங்க. இன்னொரு தடவை சண்டைச் சத்தம் கேட்டுது, நீங்கதான் வேற இடம் பாத்துக்கணும்.”

ஓனர் தலை மறைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி தெருமுனையில் இருந்தது. “இந்த வீட்டை விட்டா நான் ரெண்டு பஸ் மாறணும். கோழி முக்கியமா, வீடு முக்கியமா? நீங்களே சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு மாஸ்டர் எந்த அடுப்பையும் தொடவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, விதியே என்று ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார். மேலே ஜன்னல் திறந்தது.

“என்னய்யா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா சும்மா உக்காந்திருக்கே?”

சாதுவுக்கு பிரேக் அறுந்தது. “சுட்டாலும் குத்தம், சுடாட்டியும் குத்தமா? நான் மூச்சு விடலாமா, இல்ல அதையும் உங்ககிட்டக் கேக்கணுமா?” அந்தச் சத்தத்துக்கு ஓனரை யாரும் போன் போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மாதக் கடைசியில் சாமான் லாரியில் ஏறியது. மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள்தான், இறக்கவே இல்லை.

புது வீடு ஊரின் இன்னொரு கோடி. கீழே இவர்கள், மாடி காலி. பஸ் நெரிசலில் மனைவி கசங்கி வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை கரி அடுப்பை வாசலில் வைத்து விசிறும்போது மாஸ்டருக்கு உலகமே அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்கு ஆயுசு குறைச்சல்.

ஒரு ஞாயிறு, சோளக்கதிரைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டில் சாமான் லாரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து இறங்கியது சாட்சாத் சைரன்.

மாஸ்டர் கையிலிருந்த இடுக்கி நழுவிக் கீழே விழுந்தது. “என்னங்க, தேடிப்பிடிச்சு வந்திருக்காங்க!” என்று மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

பின்னாலேயே ஒல்லியான ஒருவர், கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். அந்த அம்மாவின் கணவர். உடம்பு சரியில்லாமல் அறையோடு கிடக்கிறார் என்று கேள்வி, மாஸ்டர் கண்ணால் பார்த்ததில்லை. வந்தவர் நேரே அடுப்புக்கு எதிரே நின்று, கண்ணை மூடி நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். பிறகு படியேறிப் போனார்.

“டாக்டர் வாயைக் கட்டச் சொல்லிட்டாரு தம்பி.” சைரனுக்குள் இப்படியும் ஒரு சின்னக் குரல் இருந்தது. “உப்பு, காரம், கறி ஒண்ணும் கூடாதாம். வெறும் கஞ்சி. மனுஷன் கிண்ணத்தைத் தொடவே மாட்டேங்கிறாரு. ஞாயித்துக்கிழமை உன் கோழி வாசம் வந்தா மட்டும், ஜன்னலோரம் உக்காந்து ரெண்டு கிண்ணம் குடிப்பாரு. வாயைத்தானே கட்டச் சொன்னாங்க, மூக்கை இல்லையே? நீ போனப்புறம் பாதியா இளைச்சுட்டாரு. அதான் உன் சாமானை ஏத்துன லாரிக்காரனைக் கேட்டு விசாரிச்சு வந்துட்டோம்.”

மாஸ்டர் குனிந்து இடுக்கியை எடுத்துக்கொண்டார். “அப்ப எதுக்குக்கா, அடுப்பை வச்ச இடத்துல எல்லாம் அந்தக் கத்து கத்துனீங்க?”

“கத்தாட்டி, வாசல் கேட்டுப் பக்கத்துல இருந்த அடுப்பு எங்க ஜன்னலுக்குக் கீழ வந்திருக்குமா?”